‘ஆனஸ்டி’க்கு முன்னால் ‘தி’ வருமா, வராதா?

கேள்வி இதுதான். பத்தாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் கட்டுரையில் ‘தி ஆனஸ்டி இஸ் தி பெஸ்ட் பாலிசி’ என்று எழுதியிருக்கிறாள். டீச்சர் முதல் ‘தி’யைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். இரண்டு பத்தி தள்ளி ‘பீப்பிள் அட்மயர்ட் ஆனஸ்டி ஆஃப் காந்தி’ என்று எழுதியதற்கு, ‘தி’ எங்கே என்று கேட்டு அங்கேயும் சுழித்திருக்கிறார். ஒரே சொல், ஓரிடத்தில் போட்டால் தப்பு, இன்னோரிடத்தில் போடாவிட்டால் தப்பு. ‘அப்ஸ்ட்ராக்ட் நௌனுக்கு முன்னால் ஆர்ட்டிக்கிள் வராது’ என்று, அதாவது நேர்மை, பயம் போலத் தொட்டுக் காட்ட முடியாதவற்றின் பெயர்களுக்கு முன்னால் ‘எ’, ‘ஆன்’, ‘தி’ வராது என்று, கைடில் கொட்டை எழுத்தில் இருக்கிறதே, அது பொய்யா என்று கேட்கிறீர்கள்.

டீச்சர் இரண்டு இடத்திலும் சரி. கைடு சொல்வது அரை உண்மை, அதிலும் தொல்லை தரும் அரை. சொல்லின் முகத்தைப் பார்த்து முடிவெடு என்கிறது அது. ஆங்கிலமோ அந்தச் சொல் அந்த வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று பார்க்கிறது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் மொழிபெயர்ப்புகளைத் திருத்துவது என் பிழைப்பு. என் பேனா அதிகம் அடித்த சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் ‘தி’ என்பேன். அதிகம் சேர்த்த சொல்லும் அதுதான்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். தமிழில் ஆர்ட்டிக்கிளே கிடையாது, அதனால் நமக்கு இது வராது என்று பலர் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் ஆதியில் தனியாக ஆர்ட்டிக்கிள் என்று ஒன்று இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்பதற்கான சொல்தான் தேய்ந்து ‘ஆன்’ ஆனது. மெய்யொலிக்கு முன்னால் கடைசி ‘ன்’ உதிர்ந்து ‘எ’ ஆனது. நாம் உயிருக்கு முன் ‘ஓர்’, மற்ற இடத்தில் ‘ஒரு’ என்று எழுதுவதன் பங்காளி. ‘தி’ வந்தது சுட்டுச்சொல்லிலிருந்து; அது நம் ‘அந்த’வின் பங்காளி. நாம் ‘ஒரு’வையும் ‘அந்த’வையும் வேண்டும்போது எடுத்துக்கொள்கிறோம், அவர்கள் கட்டாயமாக்கிவிட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

எனவே காதைத் தீட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘எந்த?’

‘நேர்மையே சிறந்த கொள்கை.’ எந்த நேர்மை என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் பைத்தியம் என்போம். உலகத்தில் உள்ள நேர்மை மொத்தத்தையும் சொல்கிறோம், வரம்பு கட்டவில்லை. ஆகவே வெறும் ‘ஆனஸ்டி’. ‘மக்கள் நேர்மையை வியந்தார்கள்’ என்று சொன்னால்? எந்த நேர்மை என்ற கேள்வி எழுகிறது. ‘காந்தியின்’ என்று பதிலும் கிடைக்கிறது. பதில் கிடைத்த இடத்தில் ‘தி’. உங்கள் மகள் சறுக்கிய இரண்டு இடமும் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும்.

இங்கேதான் அடுத்த குறுக்குவழி கிளம்பும்: ‘ஓஹோ, பின்னால் ஆஃப் வந்தால் முன்னால் தி!’ டியூஷன் சென்டர்களில் இதை விதியாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். இதை நம்பினால் இந்திய அரசமைப்பின் முகப்புரையையே திருத்த வேண்டியிருக்கும். 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அந்த வாசகத்தைப் பல பாடநூல்களின் முதல் பக்கங்களிலேயே அச்சடித்திருப்பார்கள், மகளிடம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்ஸ்ட்ராக்ட் நௌனுக்கு அதைவிட நல்ல பயிற்சித்தாள் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ‘ஜஸ்டிஸ்’, தனியாக, ஆர்ட்டிக்கிள் இல்லாமல். அடுத்து ‘லிபர்ட்டி ஆஃப் தாட், எக்ஸ்பிரஷன், பிலீஃப், ஃபெய்த் அண்ட் வொர்ஷிப்’. ‘ஆஃப்’ இருக்கிறது, ‘தி’ இல்லை. அதற்கடுத்த ‘ஈக்வாலிட்டி ஆஃப் ஸ்டேட்டஸ் அண்ட் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி’யிலும் அதே கதை. கடைசியில் ‘ஃப்ரடர்னிட்டி’ வருகிறது, அது உறுதிசெய்வது எதை? ‘தி டிக்னிட்டி ஆஃப் தி இண்டிவிஜுவல் அண்ட் தி யூனிட்டி அண்ட் இன்டக்ரிட்டி ஆஃப் தி நேஷன்’. இங்கே மட்டும் ‘தி’ மழை.

ஏன் இந்தப் பாரபட்சம்? தமிழில் சொல்லிப் பாருங்கள், விடை நாக்கிலேயே இருக்கிறது. ‘லிபர்ட்டி ஆஃப் தாட்’ என்பது சிந்தனைச் சுதந்திரம். ‘தி டிக்னிட்டி ஆஃப் தி இண்டிவிஜுவல்’ என்பது தனிமனிதரின் கண்ணியம். முதலாவதில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டு தொகையாகிவிட்டன. எந்த வகைச் சுதந்திரம் என்று மட்டுமே சொல்கிறோம், யாருடையது என்று சொல்லவில்லை. இரண்டாவதில் ‘இன்’ வந்து உடைமைக்காரரைக் காட்டுகிறது. வகை சொன்னால் பெரும்பாலும் ‘தி’ வேண்டாம், உடையவரைச் சொன்னால் வேண்டும். பேச்சுச் சுதந்திரம் ‘ஃப்ரீடம் ஆஃப் ஸ்பீச்’, மனநிம்மதி ‘பீஸ் ஆஃப் மைண்ட்’. பாரதியின் சுதந்திர வேட்கை என்றால் யாருடையது என்று தெரிந்துவிட்டது, ‘தி’ வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொரு நுணுக்கம். ‘அண்ட் இன்டக்ரிட்டி’ என்ற இரண்டு சொற்களும் முதலில் இல்லை. 1976-இல் 42-ஆவது திருத்தம் நுழைத்தவை. நுழைத்தபோது புதிதாக ஒரு ‘தி’ சேர்க்கவில்லை. ‘தி யூனிட்டி’க்குப் போட்ட குடைக்குள்ளேயே ‘இன்டக்ரிட்டி’யும் வந்துவிட்டது, இரண்டுக்கும் உடையவர் அதே ‘நேஷன்’ என்பதால். மாணவர்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘தி’ தூவுவதைப் பார்க்கும்போது இதைத்தான் காட்டுவேன்.

முகப்புரையோடு நிற்காமல் 14-ஆவது உறுப்புக்கும் போய்விடலாம். (ஆங்கிலத்தில் அதற்கும் ‘ஆர்ட்டிக்கிள்’ என்றே பெயர். ஆர்ட்டிக்கிளில் ஆர்ட்டிக்கிள் தேடுகிறோம்.) எவருக்கும் மறுக்கக் கூடாதவை என்று அங்கே இரண்டு சொல்லப்படுகின்றன: ‘ஈக்வாலிட்டி பிஃபோர் தி லா’, ‘தி ஈக்வல் புரொடெக்‌ஷன் ஆஃப் தி லாஸ்’. சமத்துவம் வெறுமனே நிற்கிறது. பாதுகாப்புக்கு ‘தி’ இருக்கிறது. பாதுகாப்பு எவருடையது? சட்டங்களுடையது, சட்டங்கள் தருவது. இந்த இரண்டாம் தொடர் 1868-இல் அமெரிக்க அரசமைப்பில் சேர்ந்த 14-ஆவது திருத்தத்தின் வாசகம். அங்கேயும் ‘தி’யோடுதான் இருக்கிறது.

அமெரிக்கா என்றதும் 1776-ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனமும் ஞாபகம் வருகிறது. பறிக்க முடியாத உரிமைகளாக அது மூன்றைச் சொல்கிறது: ‘லைஃப், லிபர்ட்டி அண்ட் தி பர்ஸ்யூட் ஆஃப் ஹேப்பினஸ்’. உயிருக்கு இல்லை, சுதந்திரத்துக்கு இல்லை, மகிழ்ச்சிக்கும் இல்லை. தேடலுக்கு மட்டும் ‘தி’. நம் இலக்கணத்தில் பண்புப்பெயர் வேறு, தொழிற்பெயர் வேறு. ஆங்கிலப் பள்ளி இலக்கணம் இரண்டையும் அப்ஸ்ட்ராக்ட் நௌன் என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறது, குழப்பத்தில் பாதி அங்கே பிறக்கிறது. ‘பர்ஸ்யூட்’ ஒரு தொழிற்பெயர். மகிழ்ச்சியைத் தேடுதல். தொழிலுக்கு ஒரு செயப்படுபொருள் வந்து, நடுவில் ‘ஆஃப்’ நின்றால், முன்னால் ‘தி’ நிற்பதே வழக்கம்: ‘தி ஸ்டடி ஆஃப் ஹிஸ்டரி’, ‘தி டிஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் தி சிட்டி’. எனவே என் சோதனையை இப்படி விரித்துக்கொள்ளுங்கள்: தமிழில் ‘இன்’ அல்லது ‘ஐ’ வந்தால் ‘தி’ பக்கம் சாயுங்கள், தொகையாக ஒட்டினால் வெறுமனே விடுங்கள். சாயுங்கள் என்றுதான் சொல்கிறேன். பண ஆசைக்கு ‘லவ் ஆஃப் மணி’ என்றும் எழுதலாம், ‘தி லவ் ஆஃப் மணி’ என்றும் எழுதலாம். அங்கே இரண்டும் நடக்கும்.

அந்தத் தொடரைச் சொன்னதால் ஒரு சின்னக் கதை. பைபிளில் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், 6-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனம். 1611-இன் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பில் பண ஆசை ‘தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்’, எல்லாத் தீமைக்கும் வேர். மூலக் கிரேக்கத்தில் வேர் என்ற சொல்லுக்கு முன் ஆர்ட்டிக்கிள் இல்லை. பிற்கால மொழிபெயர்ப்புகள் சில ‘எ ரூட் ஆஃப் ஆல் கைண்ட்ஸ் ஆஃப் ஈவில்’ என்று மாற்றிக்கொண்டன: பலவகைத் தீமைக்கும் ஒரு வேர். ‘தி’ போனதும் பணம் ஒற்றைக் குற்றவாளி என்ற பட்டத்திலிருந்து இறங்கிப் பல குற்றவாளிகளில் ஒன்றாகிவிட்டது. ஓரெழுத்து என்று அலட்சியமாகச் சொல்ல முடியுமா?

நம் வீட்டுக்குள்ளேயே ஒரு பயிற்சி வேண்டுமென்றால், ஜி.யு.போப் 1886-இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் அதிகாரத் தலைப்புகளைப் படியுங்கள். கல்வி ‘லேர்னிங்’, கல்லாமை ‘இக்னரன்ஸ்’, வாய்மை ‘வெராசிட்டி’. ஒற்றைச் சொல்லாக நிற்பவை வெறுங்கையோடு நிற்கின்றன. வான்சிறப்பு ‘தி எக்ஸலன்ஸ் ஆஃப் ரெய்ன்’, நீத்தார் பெருமை ‘தி கிரேட்னஸ் ஆஃப் அசெட்டிக்ஸ்’, அன்புடைமை ‘தி பொசெஷன் ஆஃப் லவ்’. வானின் சிறப்பு, நீத்தாரின் பெருமை, அன்பை உடைமை: ‘இன்’னும் ‘ஐ’யும் ஒளிந்திருக்கும் இடங்களில் ‘தி’ தலைகாட்டுகிறது.

‘தி’ கதை ஒருவாறு முடிந்தது. ‘எ’ கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அதில் நம் பேச்சுத் தமிழ் நமக்கு உதவவும் செய்கிறது, காலை வாரவும் செய்கிறது.

உதவும் இடம் முதலில். ‘பயம் கூடாது’ என்கிறோம். ஒரு பயம் கூடாது என்று சொல்வதில்லை. ஆனால் ‘மனசுல ஒரு பயம் இருந்துச்சு’ என்கிறோம். ‘அவ பேச்சுல ஒரு தெளிவு இருக்கு’, ‘வீட்டுக்கு வந்ததும் ஒரு நிம்மதி’. இந்த ‘ஒரு’ எண்ணிக்கை சொல்லவில்லை. பரந்து கிடக்கும் பயத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட சாயலைக் கிள்ளி எடுத்துக் காட்டுகிறது. ஆங்கில ‘எ’ செய்வதும் இதேதான்: ‘எ டீப் ஃபியர் ஆஃப் வாட்டர்’, ‘எ லவ் ஆஃப் மியூசிக்’, ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் தமிழ்’. மூன்றாவதைக் கவனியுங்கள். ‘நாலெட்ஜ்’ எண்ண முடியாத சொல்; ‘எ நாலெட்ஜ்’ என்று மொட்டையாக எழுத முடியாது, ‘நாலெட்ஜஸ்’ என்று பன்மையும் கிடையாது. ஆனால் முன்னால் ஓர் அடைமொழி, பின்னால் எதைப் பற்றியது என்ற விவரம் வந்ததும் அதற்கு ஒரு வடிவம் கிடைத்துவிடுகிறது, ‘எ’ ஒட்டிக்கொள்கிறது. மன உணர்வுகளையும் அறிவையும் குறிக்கும் சொற்கள் பலவும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன.

சில சொற்கள் ‘எ’ வாங்கியதும் ஆளே மாறிவிடும். ‘சக்சஸ்’ வெற்றி, ‘எ சக்சஸ்’ வெற்றிபெற்ற ஆள் அல்லது காரியம். ‘பியூட்டி’ அழகு, ‘எ பியூட்டி’ அழகி. ‘கைண்ட்னஸ்’ இரக்க குணம். ‘எ கைண்ட்னஸ்’ அந்தக் குணத்தால் செய்த ஓர் உதவி. வேலை தேடுபவர்கள் அடிக்கடி இடறுவது ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல்லில். ‘ஐ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்’ என்றால் கணக்குத் துறையில் பழக்கம் உண்டு என்று பொருள். நடுவே ‘ஆன்’ நுழைத்து ‘ஐ ஹேவ் ஆன் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கவுண்ட்ஸ்’ என்று எழுதினால், கணக்குத் துறையில் இவருக்கு ஏதோ சம்பவம் நடந்திருக்கிறது, கேட்டால் சொல்வார் போல என்று தொனிக்கும். தமிழிலும் ‘அவருக்கு அனுபவம் இருக்கு’ வேறு, ‘அது ஒரு அனுபவம்ங்க’ வேறு.

இனி வாரிவிடும் இடம். ‘ஒரு அட்வைஸ் சொல்லவா’, ‘ஒரு இன்ஃபர்மேஷன் வேணும்’, ‘ஒரு நியூஸ் தெரியுமா’, ‘கொஞ்சம் இரு, ஒரு வேலை இருக்கு’. தமிழில் எதுவும் தப்பில்லை. இதை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கினால் ‘ஆன் அட்வைஸ்’, ‘ஆன் இன்ஃபர்மேஷன்’, ‘எ நியூஸ்’, ‘ஐ ஹேவ் எ வொர்க்’ என்று வரிசையாகச் சிவப்பு மை வாங்கும். ‘புரோக்ரஸ்’, ‘எவிடன்ஸ்’, ‘ரிசர்ச்’, ‘லக்’, ‘பர்மிஷன்’ எல்லாம் இந்தக் கூட்டமே. ‘குட் அட்வைஸ்’ என்று அடைமொழி சேர்த்தாலும் ‘எ’ வராது. நாலெட்ஜுக்குக் கிடைத்த சலுகை இவற்றுக்குக் கிடையாது. ஏன் என்று கேட்காதீர்கள். இதற்கு நியாயம் சொல்லும் புத்தகங்களைப் படித்திருக்கிறேன், ஒன்றுகூட என்னைத் திருப்திப்படுத்தவில்லை. இந்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஒன்று என்று காட்டியே ஆக வேண்டுமென்றால் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, இல்லையென்றால் ‘சம் வொர்க்’, ‘சம் நியூஸ்’.

வியப்புத் தொடர்களிலும் இந்தப் பிரிவினை உண்டு. ‘வாட் எ பிட்டி’, ‘வாட் எ ரிலீஃப்’, ‘வாட் எ ஷேம்’ என்று சொல்லலாம். ஆனால் ‘வாட் ஃபன்’, ‘வாட் லக்’ என்றுதான் சொல்ல வேண்டும். கோபக்கார அப்பாக்கள் ‘வாட் நான்சென்ஸ்!’ என்று கத்தும்போது இலக்கணம் சுத்தமாகவே இருக்கிறது.

‘லிட்டில்’ முன்னால் வரும் ‘எ’ வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கும். ‘தேர் இஸ் எ லிட்டில் ஹோப்’ என்று டாக்டர் சொன்னால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது, வீட்டுக்காரர்கள் மூச்சுவிடலாம். ‘தேர் இஸ் லிட்டில் ஹோப்’ என்றால் நம்பிக்கைக்கு இடமில்லை, உறவினருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

‘எ’ விட்டுப்போனதால் உலகமே காது கொடுத்துக் கேட்ட ஒரு வாக்கியம் தடுமாறியதும் உண்டு. 1969 ஜூலையில் நிலவில் கால்வைத்த ஆம்ஸ்ட்ராங், ஒரு மனிதனுக்கு இது சிறு அடி, மனித குலத்துக்கு மாபெரும் பாய்ச்சல் என்ற பொருளில் பேசினார். ஒலிப்பதிவில் கேட்பது ‘ஃபார் மேன்’. தாம் சொல்ல நினைத்தது ‘ஃபார் எ மேன்’ என்றார் அவர். ஆர்ட்டிக்கிள் இல்லாத ‘மேன்’ ஆங்கிலத்தில் மனித குலத்தையே குறிக்கும். கறாராகப் படித்தால் மனித குலத்துக்குச் சிறு அடி, மனித குலத்துக்குப் பெரும் பாய்ச்சல் என்றாகிவிடுகிறது.

இதே குணம் கொண்ட இன்னும் சில: ‘சொசைட்டி’, ‘நேச்சர்’, ‘ஹிஸ்டரி’, ‘லைஃப்’. பொதுவாகச் சமூகம், இயற்கை என்று பேசும்போது ‘தி’ போடக் கூடாது. நம் பிள்ளைகள் ‘இன் தி சொசைட்டி’, ‘வீ மஸ்ட் புரொடெக்ட் தி நேச்சர்’ என்று எழுதுகிறார்கள். ‘தி’ இல்லாததற்கு மார்க் பறிகொடுத்துப் பறிகொடுத்து, சந்தேகம் வந்தால் போட்டுவிடு என்று பழகிவிட்டார்கள் என்பது என் கணிப்பு. பிரெஞ்சுக்காரர்களும் இதே தப்பைச் செய்வார்கள், வேறு காரணத்துக்காக. அவர்கள் மொழியில் வாழ்க்கை அழகானது என்று சொல்ல ‘லா வீ’ என்று ஆர்ட்டிக்கிளோடுதான் தொடங்க வேண்டும். எனவே உங்கள் மகள் எழுதிய ‘தி ஆனஸ்டி’ மனிதப் புத்திக்கு எட்டாத பிழை ஒன்றுமில்லை, பாரிஸில் அதுதான் சரி.

எதிர்த்திசையில் ‘தி என்விரான்மென்ட்’, ‘தி பாஸ்ட்’, ‘தி ட்ரூத்’ எல்லாம் ‘தி’யோடு பழகியவை. உண்மை பேசு என்பது ‘டெல் தி ட்ரூத்’, பொய் சொன்னான் என்பது ‘ஹி டோல்ட் எ லை’. ஒரு நிகழ்ச்சிக்கு உண்மை ஒன்றுதான், பொய் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற கணக்கு. ‘ட்ரூத் ஆல்வேஸ் ட்ரையம்ஃப்ஸ்’ என்று வாய்மையைப் பொதுவாகச் சொன்னால் மட்டும் ‘தி’ உதிர்ந்துவிடும்.

கடைசியாக, அந்தக் காந்தி வாக்கியம். ‘தி ஆனஸ்டி ஆஃப் காந்தி’ சரிதான், ஆனாலும் பத்தாம் வகுப்புக் கட்டுரைக்குக் கொஞ்சம் கனம். ‘காந்திஸ் ஆனஸ்டி’ என்று எழுதச் சொல்லுங்கள். உடையவரின் பெயர் முன்னால் வந்துவிட்டால் ‘தி’க்கு நாற்காலி கிடையாது, அந்த இடத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். ‘மை’, ‘ஹிஸ்’, ‘திஸ்’ எது வந்தாலும் இதே நிலைமை. மகள் ஒருவேளை உற்சாகத்தில் ‘தி காந்திஸ் ஆனஸ்டி’ என்று எழுதினால், இந்த முறை டீச்சருக்கு முன்னால் நீங்களே அடித்துவிடலாம்.